தடை நீங்கச் சுரக்கும் ஓமோன்

தாயின் மார்பிற் பால் சுரக்கச் செய்யும் புரோலக்டின் என்னும் ஓமோன் முதலில் அறியப்பட்டது முயலிடத்தும் புறாவிடத்துமாகும். 1928இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஸ்ட்ரிக்கர், குரூட்டர் என்னும் இருவர் கபச்சுரப்பியின் முற்பகுதிச் சாற்றை முயல்களுக்கு ஏற்ற, அவற்றிற்குப் பால் சுரந்தது. சில ஆண்டுகளின் பின் அமெரிக்காவில் ஒஸ்கார் றிடிலும் அவர் துணைவரும் புறாக்களை ஆராய்ந்தனர். புறாக்களில் ஆணும் பெண்ணும் தம் தீன்பையில் ஊறும் பால்போன்ற உணவைக் குஞ்சுகளுக்கு ஊட்டுவன. அவ்வூறலுக்கும் இதுவே காரணமெனக் கண்டு, புரோலக்டின் என்று பெயரிட்டவர் அவர்களே.

இச்சுரப்பை ஆள்வது யாது? கபச்சுரப்பிக்கு மேலேயுள்ள பரிவகக்கீழ் என்னும் மூளைப்பகுதி, நுண்ணிய குருதிக்குழாய்களின் வழியே இரசாயனத் தூதுகளை அனுப்பி அச்சுரப்பியை ஏவுகின்றது. 1954இல் எவரெட் என்பார் எலியின் கபச்சுரப்பியை அகற்றி, அதன் சிறுநீரக உறையின்கீழ்ப் பதித்தார். மூளையின் ஏவல் எட்டாத அவ்விடத்தில் ஏனைய ஓமோன்கள் குன்றின. புரோலக்டின் மட்டும் ஓயாது சுரந்தது. எலியின் சூலகத்திலுள்ள மஞ்சட்சடலம் நெடுநாள் வாடாதிருந்தமை அதற்குச் சான்றாயிற்று. ஆகவே, மூளை இவ்வோமோனுக்கு இடுவது ஏவலன்று, தடையே என்பது தெளிவாயிற்று. வேலைக்காரனைத் தூண்டாமல் அடக்கியே வைத்திருக்கும் வீட்டுத்தலைவனைப் போன்றதொரு விந்தையான ஆட்சி இது.

தடுக்கும் பொருள் எது என்பதற்கு ஒரு குறிப்பு மருத்துவமனைகளிலிருந்தே கிடைத்தது. 1952 முதல் மனநோய்க்கு வழங்கப்பட்ட குளோர்புரோமசீன் என்னும் மருந்தினால், மகப்பேறு காணாத பெண்கள் சிலருக்கும் பால் சுரந்தது, மாதவிடாயும் நின்றது. நரம்புகள் தமக்குள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோபமைனின் தொழிலை அம்மருந்து தடுப்பது பின்னர் புலனாயிற்று. 1969ஆம் ஆண்டளவில் மக்ளவுட் முதலியோர் எலியின் கபச்சுரப்பியைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து ஆராய்ந்தபோது, டோபமைன் போன்ற பொருள்கள் புரோலக்டின் வெளியேற்றத்தை நேராகவே குறைத்தன. டோபமைன் பற்றியதும் கலத்தினுள் கல்சியம் புகுவது குறைகின்றது. கல்சியமின்றேல் சேமித்த ஓமோன் வெளிவராது. பெண்மை ஓமோனாகிய ஈஸ்ட்ரஜனோ இத்தடையைத் தளர்த்துவதோடு, புரோலக்டின் ஆக்கும் கலங்களையும் பெருக்குகின்றது. குழந்தை முலையுண்ணும்போது அவ்வுணர்வு நரம்பு வழியே மூளையை எட்ட, டோபமைன் தணிந்து சில நிமிடங்களில் புரோலக்டின் உயர்கின்றது.

இத்தனைக்கும், மனிதரிடம் இப்படித் தனியானதோர் ஓமோன் உண்டோவென அறிஞர் நெடுங்காலம் ஐயுற்றனர். மனிதரின் வளர்ச்சி ஓமோனுக்கும் பால் சுரப்பிக்கும் ஆற்றல் இருந்தமையே அம்மயக்கத்திற்குக் காரணம். கனடாவில் ஹென்றி பிறீசனும் பிறரும் 1970, 1971ஆம் ஆண்டுகளிற் செய்த ஆய்வுகளே அதனைத் தீர்த்தன.

கபச்சுரப்பிக் கட்டியினால் புரோலக்டின் மிகுந்து, பிள்ளைப்பேறின்றி வருந்திய பெண்களுக்கு இவ்வறிவு விரைவில் பயன்பட்டது. ரை என்னும் தானியத்திற் பற்றும் பூஞ்சணத்தின் சேர்வையிலிருந்து சுவிற்சர்லாந்தில் ஆக்கப்பட்ட புரோமோகிறிப்டீன், டோபமைனைப் போலவே அக்கலங்களை அடக்கியது. அதனை உண்ட பலருக்கு மாதவிடாய் மீண்டது, கட்டியும் கத்தி படாமலே சுருங்கியது, பலர் தாயாயினர்.