காமிராவும் கைவிடா மனமும்

பொருள்களைத் தேடிச் சேர்க்கும் பழக்கம் மனிதனுக்குப் புதியதன்று. தபால் தலை சேர்ப்பவர் உண்டு. பழநாணயம் சேர்ப்பவர் உண்டு. பிலிம் சுருள் போட்டுப் படம் பிடிக்கும் பழைய காமிராக்களைச் சேர்ப்பவர்களும் உலகெங்கும் உண்டு. மும்பையைச் சேர்ந்த திலீஷ் பாரேக் என்பார் 1977 முதல் சேர்த்த காமிராக்கள் 4,425 என்று கின்னஸ் சாதனைப் புத்தகம் பதிந்திருக்கிறது. அவ்வளவு பெருந்தொகை இல்லாவிடினும், கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் சுபாங் ஜெயாவிலும் பத்து, இருபது, நாற்பது என்று அலமாரியில் அடுக்கி வைத்துக்கொண்டு, ஒன்றையேனும் பிறர்க்குக் கொடுக்க மனம் வராமல் தவிக்கும் தமிழன்பர் சிலரை நாம் அறிவோம். இதனை வெறும் பித்து என்று நகைத்துத் தள்ளுதல் எளிது. நாம் அதற்குத் துணியோம். இத்தவிப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு; அது தோட்டத்துத் தமிழரின் சரித்திரமும் ஆகும்.

இன்று சுபாங் ஜெயா என்று வழங்கும் நகரம் முன்னாளில் சீபீல்டு ரப்பர்த் தோட்டமாக இருந்தது. 1970-களில்தான் ரப்பர் மரங்கள் விழுந்து அவ்விடத்தில் வீடுகள் எழுந்தன. மலாய் நாட்டில் தோட்டங்கள் பெருகிய காலமும், காமிரா பொதுமக்கள் கைக்கு வந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே என்பது கவனிக்கத் தக்கது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்ற அமெரிக்கர் 1888-ல் கோடாக் காமிராவை விற்கத் தொடங்கினார். 1900-ல் அவருடைய கம்பெனி பிரௌனி என்னும் பெட்டிக் காமிராவை ஒரு டாலர் விலைக்கு, சிறுவர்களும் வாங்கும்படி வெளியிட்டது. அமெரிக்கச் சிறுவன் கையில் காமிரா ஏறிய அக்காலத்தில் நம்மவன் கையில் ஏறியது பால் வெட்டும் கத்தி. சுமாத்ராவின் மேடான் நகரில் படத்தொழில் நடத்திய கிளைங்ரோத்தே என்ற ஜெர்மானியர் 1907-ல் மலாய் நாட்டைப் பற்றிய பெரிய படத்தொகுதி ஒன்றை வெளியிட்டார். அக்காலத்துத் தோட்டப் படங்களைப் பார்ப்பவர் ஒன்றை உணர்வர்: துரைமாருக்குப் பெயர் உண்டு, மரத்தடியில் நிற்கும் நம்மவருக்குப் பெரும்பாலும் ‘தமிழ்க் கூலிகள்’ என்பதற்குமேல் பெயர் இல்லை.

பின்னர் 1948 ஜூன் மாதத்தில் அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு வயது நிரம்பியோர் அனைவரும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் உள்ள அடையாளக் கார்டு வைத்திருக்கவேண்டும் என்று சர்க்கார் அவ்வாண்டில் ஆணையிட்டது. லயத்தில் வாழ்ந்த நம் பாட்டிமார் பலர் காமிராவை முதன்முதல் ஏறிட்டுப் பார்த்தது அப்போதுதான். பூச்சூடி மகிழ்ந்து எடுத்துக்கொண்ட படமா அது? அதிகாரம் கேட்டு வாங்கிய படம்! ஆயினும் அவர்கள் இறந்தபின், வேறு படம் இல்லாமையால், அதையே பெரிதாக்கிச் சட்டமிட்டு மாலையிட்ட வீடுகள் எத்தனை!

இதற்குப் பிறகுதான் நகரத்து ஸ்டூடியோவில் வரைந்த திரைக்கு முன் குடும்பத்தோடு நின்று, ஊருக்கு ஒரு பிரதி அனுப்பும் வழக்கம் நம்மிடையே பரவியது. பிறகு பள்ளி ஆசிரியரும் கிராணியும் டிரெஸ்ஸரும் மிச்சம் பிடித்து ஒரு காமிரா வாங்கினர். எவரோ படம் பிடிக்க நின்றவன், தானே தன் மக்களைப் படம் பிடிப்பவனாயினான். அந்த யந்திரத்தை விற்க அவன் மகனுக்கு மனம் வருமா?

சுபாங் ஜெயாவில் நாம் அறிந்த அன்பர் ஒருவர், தோட்டப் பள்ளி ஆசிரியராயிருந்த தம் தந்தை விட்டுச்சென்ற இரட்டை லென்ஸ் யாஷிகா ஒன்றில் தொடங்கினார். இன்று தொகை நாற்பதைத் தாண்டிவிட்டது. விற்பதற்கென்று ஒன்றை எடுத்துத் துடைப்பார். துடைத்தபின் ஷட்டரைத் தட்டி அதன் ஓசையைக் கேட்பார். உடனே பழைய இடத்தில் வைத்துவிடுவார். இரண்டை விற்கச் சென்ற நாளில் மூன்றாவது ஒன்றை வாங்கி வந்தார். வீட்டில் இடமில்லை என்று அவர் மனைவியார் தொடுத்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. தந்தையின் காமிராவைக் காக்கத் தொடங்கியவர், இப்போது எவர் எவருடைய தந்தையரின் காமிராக்களையோ காத்துக்கொண்டிருக்கிறார் என்பது நமது கருத்து.

கைவிட்டால் இனிக் கிடைக்காது என்ற அச்சமும் இவர்களுக்கு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. நீலகிரி உதகமண்டலத்தில் இந்திய சர்க்கார் 1960-ல் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் செய்து விற்றது. இன்று அது இல்லை. கோடாக் கம்பெனியே 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரிற்று. ஆனால் முற்றும் அழிந்துவிடவில்லை. 2024-ல்கூடப் பெண்டாக்ஸ் கம்பெனி பிலிம் காமிரா ஒன்றைப் புதிதாகச் செய்து வெளியிட்டது.

உண்மையான பகை வேறிடத்தில் இருக்கிறது. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். இருண்ட அலமாரியில், காற்றோட்டமின்றி, தோலுறைக்குள் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை நூல்நூலாகப் படர்கிறது. நாளடைவில் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடுகிறது. ஷட்டரின் எண்ணெய் பிசினாகிறது. ஒளி புகாமல் தடுக்கும் பஞ்சு உருகி ஒட்டுகிறது. ஒரு காமிராவை உலர் பெட்டியில் வைத்து, மாதமொருமுறை இயக்கி, வெளிச்சம் காட்டிக் காக்கலாம். நாற்பதை அவ்வாறு காக்க எவருக்கு நேரம்? ஆயுத பூஜையன்று வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மறுநாள் பூட்டிவிடுகிறார்கள். பூசையைக் கண்டு பூஞ்சை ஓடியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலியச் சிப்பாயின் வரலாற்றை இவ்விடத்தில் நினைவூட்ட விரும்புகிறோம். சிங்கப்பூர் வீழ்ந்தபின் சாங்கியில் கைதியான அவரிடம் மடக்குக் கோடாக் காமிரா ஒன்று இருந்தது. 1943-ல் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டபோதும் அதை ஒளித்துக் கொண்டு சென்று படம் பிடித்தார். அகப்பட்டால் பெருந்தண்டனை என்ற நிலை முற்றியபோது காமிராவை அழித்தார். நெகடிவ்களை மறைத்துக் காத்தார். அப்படங்களாலும் அக்கொடுமையை உலகம் கண்ணால் கண்டது. அதே பாதையில் மலாய் நாட்டுத் தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். கூலியாகப் பிடித்துச் செல்லப்பட்டவனிடம் காமிரா ஏது?

இந்தியாவிலும் ஒரு செய்தி உண்டு. காந்தியாரையும் நேருவையும் ஜின்னாவையும் படம் பிடித்த குல்வந்த் ராய், அயல்நாடுகளில் தாம் எடுத்த நெகடிவ்களைத் தபாலில் டில்லிக்கு அனுப்பினார். அவை வந்து சேரவில்லை. குப்பை மேடுகளிலும் தேடி அலைந்தார். எஞ்சியவற்றைப் பெட்டிகளில் கட்டி, 1984-ல் தாம் இறக்குமுன், ஆதித்ய ஆர்யா என்ற இளம் படக்கலைஞரிடம் விட்டார். அப்பெட்டிகளும் இருபதாண்டுக்கு மேல் மூடியே கிடந்தன. திறந்தபோது அதனுள் விடுதலைப் போர்க்காலம் இருந்தது! அந்த ஆர்யாவே தாம் பல்லாண்டு சேர்த்த காமிராக்களைக் கொண்டு, 2019-ல், குருகிராம் நகராட்சியின் துணையோடு காட்சிசாலை அமைத்தார். பிரிவதற்கு இதனினும் நல்ல வழி உண்டோ?

காட்சிசாலை நமக்கு எட்டாது எனலாம். பிலிம் காமிராவில் படமெடுக்கக் கற்கும் மாணவர்கள் இருக்கின்றனர். தந்தையின் காமிரா ஒன்று போக மற்றவற்றை அவர்களிடம் கொடுக்கலாம். கொடுக்குமுன் ஒன்று செய்க. பின்மூடியைச் சட்டென்று திறவாமல், பிலிம் சுற்றும் குமிழை மெல்லத் திருப்பிப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் உள்ளே சுருள் இருக்கக்கூடும். கறுப்பு வெள்ளைச் சுருளாயின் பல பத்தாண்டு கழித்தும் உருவம் கிடைப்பதுண்டு. கிடைத்த படத்தை வீட்டு முதியவரிடம் காட்டி, நிற்பவர் ஒவ்வொருவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அவர் சொல்லச் சொல்லக் கேட்டு, படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் எழுதி வையுங்கள்.