மண்ணடுப்பும் புகைபோக்கியும்: வைகை அணைப் பகுதியை முன்வைத்துப் புகையில்லா அடுப்பின் வரலாறு (1947–2002)

ஆய்வுச்சுருக்கம்

மண்ணடுப்பு, வீட்டுப் பெண்கள் தம் கையால் செய்து, அதன் செய்முறையை அண்டை வீட்டாரோடும் உறவினரோடும் பகிர்ந்துகொண்ட கைவினைப் பொருளாகும். விடுதலைக் காலத்தையொட்டி இந்தியாவில் பரவத் தொடங்கிய புகையில்லா அடுப்பும் முதலில் படிப்பவரே செய்துகொள்ளத்தக்க செய்முறையாகவே முன்வைக்கப்பட்டது. 1983க்குப் பின் அது அரசுத் திட்டத்தின் எண்ணிக்கைப் பொருளாயிற்று. இம்மாற்றத்தை வைகை அணையைச் சூழ்ந்த ஆண்டிபட்டி, தேனிப் பகுதியின் அடுப்புக் கைவினையோடு பொருத்திப் பார்க்கிறது இக்கட்டுரை.

திறவுச்சொற்கள்: மண்ணடுப்பு, கொடியடுப்பு, புகைபோக்கி, குமரப்பா, வைகை அணை, கைவினைப் பகிர்வு

முன்னுரை

சங்க இலக்கியத்தில் அடுப்பு வறுமையின் அடையாளமாகவே நம் நினைவில் நிற்கிறது. குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனாரின் புறப்பாட்டில் (புறநானூறு 164) சமைத்தலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் அடுக்களையிலும் காளான் முளைத்திருக்கிறது. சாத்தனார் தம் அடுப்பின் பக்கங்கள் உயர்ந்திருந்ததையும் போகிற போக்கில் சுட்டிவிடுகிறார். வறுமையை விளக்கும் நம் வகுப்பறைகள் அந்த உயரத்தில் சற்றும் நிற்பதில்லை. அப்பக்கங்களை உயர்த்தியவர் யார், எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை அவர் யாரிடம் கற்றார் என்னும் வினாக்கள் இலக்கிய ஆய்வுக்கு வெளியே நின்றுவிட்டன. இக்கட்டுரை அவ்வினாக்களைச் சங்க காலத்துக்கு எடுத்துச் செல்லவில்லை. சான்றுகள் கிடைக்கும் அண்மைக் காலத்தில் அவற்றை எழுப்பிப் பார்க்கிறது.

வைகை அணை 1959இல் காமராசர் ஆட்சியில் திறக்கப்பெற்றது. 111 அடி உயரமுள்ள அவ்வணையில் 71 அடி வரை நீர் தேக்கப்படுகிறது என்பதைத் தென் மாவட்ட உழவர் அனைவரும் அறிவர். அணை எழுந்த அதே பத்தாண்டில், அதே மதுரை மாவட்டத்தில் (தேனி தனி மாவட்டமானது 1997இல்தான்) மற்றொரு வகைத் தொழில்நுட்பமும் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கல்வெட்டு இல்லை. திறப்பு விழாவும் இல்லை. ஒரு பெண் ஒரு வாரத்தில் மண்ணால் செய்து முடிக்கக்கூடிய அடுப்பு அது.

அடுப்பு போடுதல்

பானை குயவர் வீட்டிலிருந்து வரும். அடுப்பு வீட்டிலேயே பிறக்கும். எடுத்துச் செல்லத்தக்க அடுப்பைக் குயவர் செய்து விற்பதுண்டு எனினும், அடுக்களையில் நிலையாகப் பதியும் அடுப்பை அவ்வீட்டுப் பெண்ணே 'போடுவது' வழக்கம். இவ்வினைச்சொல் கருதத்தக்கது. கோலம் போடுவது போலவே அடுப்பும் போடப்படுகிறது. தொழிற்குழுவின் உரிமையாக இல்லாத, கூலி பெறாத, ஆயினும் நன்றாகச் செய்தவரை ஊரறியும் வேலைகளின் வரிசையில் அது சேர்கிறது.

கண்மாயிலிருந்து எடுத்த கரம்பை மண்ணோடு செம்மண் சேரும். கரம்பை மட்டுமே எனில் காயும்போது வெடிக்கும். செம்மண் மிகுந்தால் உதிரும். நறுக்கிய வைக்கோலோ உமியோ கலந்து, நீர்விட்டு மிதித்து, ஓரிரு நாள் புளிக்கவிட வேண்டும். பின்னர் ஒரே மூச்சில் எழுப்பாமல், அடிச்சுற்று சற்று இறுகியபின் அடுத்த சுற்றை வைத்து நிழலில் காயவிடுவர். வெடிப்புக் கண்டால் ஈர மண்ணால் அடைத்து விரலால் இழைப்பர். இறுதியில் சாண மெழுக்கு. தீ மூட்டும் முதல் நாளில் சிறு சுள்ளி எரித்து உள்ளீரத்தை மெல்ல வெளியேற்றுவதும் செய்முறையின் ஒரு பகுதியே.

அளவுதான் இதில் நுட்பமானது. சாண், விரல் என்ற அளவுகள் உண்டு. அவை செய்பவர் கையின் அளவுகள். அடுப்பின் வாய்க்கோ அவ்வீட்டுப் பானையே அளவுகோல். பானையைக் கவிழ்த்து வைத்துப் பார்த்துச் சுற்றெடுப்பர். எரிபொருளும் அளவைத் தீர்மானிக்கும். ஆண்டிபட்டி வட்டாரத்தின் மானாவாரிப் புன்செய்களில் கிடைக்கும் பருத்திமாரும் துவரைமாரும் சடசடவென எரிந்து தணிபவை. அடிக்கடி தள்ளிவிட அகன்ற முகப்பு வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் தென்னந்தோப்பு ஊர்களில் மட்டையும் பாளையும் எரிகின்றன. அவை நீளமானவை, நின்றெரிபவை. ஓர் ஊரின் அடுப்பை மற்றோர் ஊருக்கு அப்படியே பெயர்த்தால் அது சரியாக எரியாது. மணமாகிப் போன பெண் தாய்வீட்டு அடுப்பை மனத்தில் கொண்டுபோய்ப் புகுந்த வீட்டு விறகுக்கேற்ப மாற்றிக்கொண்டாள். இக்கைவினையில் பகிரப்பட்டது அளவன்று. அளவெடுக்கும் முறையே ஆகும்.

இதற்குக் கட்டுரையாளரின் நினைவொன்றைச் சான்றாக அன்றி விளக்கமாகவே சுட்டலாம். வைகை அணைக்கு அருகில் உள்ள சிற்றூரில் வாழ்ந்த என் அம்மாச்சியிடம் தை பிறக்குமுன் அடுப்பு போடக் கற்றுக்கொள்ள இரண்டொரு பெண்கள் வருவர். "வாய் எத்தன சாண் வைக்கணும் மதினி?" என்று கேட்பவரிடம் அவர் எண் எதையும் சொன்னதில்லை. "ஓம் பானைய எடுத்துட்டு வா" என்பார். வந்தவர் செய்ததைப் பார்த்துக்கொண்டிருப்பார். தவறினால் மட்டும் கையை நீட்டித் திருத்துவார்.

இப்பகிர்வை ஊர் முழுமைக்கும் பொதுவான சமத்துவ வெளியாகக் கற்பனை செய்வது பிழை. சாதி விலக்கு மிகக் கடுமையாகக் காக்கப்பட்ட இடங்களுள் அடுக்களையும் ஒன்று. ஒரு தெருவின் கைப்பக்குவம் அடுத்த தெருவின் அடுக்களைக்குள் நுழைய வழியில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் பொங்கலுக்குச் செய்யப்படும் பொங்கக்கட்டிகள் போல முற்றத்தில் வைக்கப்படுபவற்றைப் பிறர் பார்த்தேனும் கற்கலாம். உள்ளடுப்பை அவ்வாறு கற்க இயலாது. நாட்டுப்புறக் கைவினை ஆய்வுகள் 'கூட்டு அறிவு' என்னும் தொடரைக் கையாளும்போது இவ்வெல்லையையும் உடன் குறிப்பது நலம்.

செய்முறையாக வந்த புகையில்லா அடுப்பு

1934இல் காந்தியடிகளின் முயற்சியால் அனைத்திந்திய கிராமக் கைத்தொழிற் சங்கம் வார்தாவில் தோன்றியது. தஞ்சாவூரில் பிறந்து கணக்காய்வாளராகவும் பொருளியலறிஞராகவும் விளங்கிய ஜே.சி.குமரப்பா அதனை வழிநடத்தினார். சங்கம் இயங்கிய மகன்வாடி என்னுமிடம் மகன்லால் காந்தியின் பெயரைத் தாங்கியது. செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், தாவர எண்ணெய் விளக்கு ஆகியவற்றோடு அடுப்பும் அங்கே ஆராயப்பட்டது. 'மகன் சூலா' என்ற பெயரில் 1947இல் வெளிவந்த அடுப்பு இந்தியப் புகையில்லா அடுப்பு வரலாற்றின் தொடக்கப்புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. அடுத்து, ஐதராபாத்துப் பொறியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எஸ்.பி.ராஜு உருவாக்கிய அடுப்பு வந்தது. அதனை விளக்கும் சிறுநூல் 1953இல் சென்னைக் கிறித்தவ இலக்கியச் சங்கத்தால் வெளியிடப்பட்டது.

இவ்வடுப்புகளைப் பற்றி இரண்டு கருத்துகளை முன்வைக்கலாம். முதலாவது, இவை வாங்கும் பொருள்களாக அறிமுகப்படுத்தப்படவில்லை. மண்ணால், வீட்டிலேயே, படித்தோ பார்த்தோ கேட்டோ செய்துகொள்ளும் பொருள்களாகவே வந்தன. 1952 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின்கீழ்ச் சிற்றூர்களுக்குச் சென்ற கிராம சேவிகைகள் மாதர் சங்கங்களில் இதனைச் செய்துகாட்டினர். குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த காந்திநிகேதன் ஆசிரமம், வைகை அணைக்குத் தென்கிழக்கே, டி.கல்லுப்பட்டியில் இருந்தது. கிராமத் தொழில் இயக்கத்தின் மூத்த சிந்தனையாளர் இப்பகுதிக்கு இவ்வளவு அருகில் வாழ்ந்தும் தேனி வட்டாரக் கைவினை பற்றிய எழுத்துகளில் அவர் பெயர் இடம்பெறாதது வியப்பே. அவர் 1960 சனவரி 30ஆம் நாள் மறைந்தார்.

இரண்டாவது கருத்து இன்னும் அடிப்படையானது. புகையில்லா அடுப்பின் இயக்கம் என்ன? ஒரு வாயில் எரியும் தீயின் வெப்பம் முதற்பானையைத் தொட்டபின் வீணாகாமல், உள்வழியாகச் சென்று அடுத்த பானையையும் சூடாக்கிவிட்டு, புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. இதன் முற்பகுதி தமிழ்ப் பெண்களுக்குப் புதிதன்று. கொடியடுப்பு அதுவேதான். முதன்மை அடுப்பில் சோறு கொதிக்க, அதிலிருந்து கிளைக்கும் கொடியில் குழம்போ வெந்நீரோ தனி விறகின்றிச் சுடும். அடுப்பில் 'கொடி' வைப்பது, வெப்பத்தின் ஓட்டத்தைக் கணக்கிட்டு உட்குழியின் சரிவை அமைக்கும் வேலை. சரிவு மிகுந்தால் தீ கொடிக்கே ஓடிவிடும். குறைந்தால் கொடி சுடாது. பொறியியலாளர் புதிதாகச் சேர்த்தது புகைபோக்கி மட்டுமே.

அது சிறிய சேர்க்கை அன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல தலைமுறைகளாகப் பகிரப்பட்ட கைவினை விறகின் சிக்கனத்தைக் கண்டறிந்தது. புகையை மட்டும் கண்ணீரோடு ஏற்றுக்கொண்டது. கூரையின் சந்துகளில் கசியும் புகை ஓலையைப் பூச்சியிலிருந்து காக்கிறது என்ற விளக்கமும் அதற்கு இருந்தது. கூரைக்குக் கிடைத்த அப்பாதுகாப்புக்கு விலை கொடுத்தது பெண்ணின் நெஞ்சு. 1983இல் கிர்க் சுமித்தும் அவருடைய இந்தியக் கூட்டாளிகளும் குசராத்துச் சிற்றூர்களில் சமைக்கும் பெண்கள் உள்ளிழுக்கும் புகையை அளந்து வெளியிட்ட பிறகே அவ்விலை அறிவியலின் கணக்கில் ஏறியது. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக நலவாழ்வு அமைப்பு மதிப்பிடுகிறது. எனவே மரபு அடுப்பைப் போற்றுவதோடு நின்றுவிடும் எழுத்து, அதனருகில் அமர்ந்தவரை மறந்த எழுத்தாகும்.

எண்ணிக்கையாக மாறிய அடுப்பு

1970களின் எண்ணெய் நெருக்கடியும் காடழிவு குறித்த அச்சமும் அடுப்பை உலகளாவிய பேசுபொருளாக்கின. குவாத்தமாலாவில் 1976 நிலநடுக்கத்தை அடுத்து, மண்ணும் மணலும் கலந்து கட்டப்படும் 'லொரேனா' அடுப்பு பரவியது. சேறு, மணல் என்னும் இரு எசுப்பானியச் சொற்களின் சேர்க்கையே அப்பெயர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய 'ஆஸ்திரா' அமைப்பு தன் அடுப்பை வடிவமைத்தது. இந்திய அரசின் தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1983இல் தொடங்கி 2002இல் மைய அரசால் கைவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டதாகக் கணக்கு.

இவ்வெண்ணிக்கைதான் சிக்கலின் முகவரி. மானியத்தோடு ஆண்டிலக்கு வந்தது. இலக்கை நிறைவேற்றப் பயிற்சி பெற்ற தொழிலாளர் வந்து அடுப்பைப் பொருத்தினர். அடுக்களைக்கு உரியவர் பார்வையாளரானார். வாயின் அளவு அவர் பானைக்கு ஏற்றதாக இல்லாமலும், முகப்பு அவர் விறகுக்கு ஏற்றதாக இல்லாமலும் போகலாயிற்று. பருத்திமாரை ஒடித்து ஒடித்து இட வேண்டியிருந்தால் சமையல் நேரம் கூடும். அதனால் பெண்ணே முகப்பைக் கத்தியால் அகலப்படுத்திக்கொள்வார். அகலப்பட்டதும் இழுவை குலைந்து புகை முன்பக்கம் திரும்பும். ஆய்வறிக்கைகள் இதனைப் 'பயனாளரின் தவறான கையாளல்' என்று வகைப்படுத்தின. அடுப்பு போடும் மரபின் கண்கொண்டு நோக்கினால், தம் விறகுக்கேற்ப அளவெடுக்கும் பழைய அறிவு அங்கே வேலை செய்கிறது. இழுவை பற்றிய புதிய அறிவு மட்டும் அவருக்குச் சொல்லப்படவில்லை.

புகைபோக்கிக் குழாயும் அவ்வாறே. அடுப்பில் வீட்டில் செய்ய இயலாத ஒரே உறுப்பு அதுதான். மண் வெடித்தால் கண்மாயில் மண் உண்டு. கல்நார் சிமெண்டுக் குழாய் வெடித்தால் கடைக்குத்தான் போக வேண்டும். கரி அடைத்த குழாயைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது ஒருவருக்கொருவர் சொல்லிப் பரவ வேண்டிய செய்தி. ஒடிசாவில் எஸ்தர் டஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரேமா ஹன்னா ஆகியோர் பல ஆண்டுகள் தொடர்ந்து நடத்தி 2016இல் இதழில் வெளியிட்ட ஆய்வு, மேம்பட்ட அடுப்பால் முதலாண்டில் பெண்கள் உள்ளிழுத்த புகை குறைந்ததையும், பின்னர் அப்பயன் மறைந்ததையும் காட்டியது. பேணுதல் குன்றியதும் பயன்பாடு குறைந்ததும் அவர்கள் கண்ட காரணங்கள். பேணும் அறிவு ஏன் பரவவில்லை என்பது பொருளியலாளரின் தரவுகளால் மட்டும் விடை காணத்தக்கதன்று. தாமே செய்யாத பொருளைப் பற்றி அடுத்த வீட்டாரிடம் என்ன சொல்லிக்கொள்வது என்ற கைவினை வரலாற்றின் வினாவும் அதனுள் இருக்கிறது.

2002க்குப் பின்

தமிழ்நாட்டில் 2007இல் தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016இல் மைய அரசு கொணர்ந்த உஜ்வலா திட்டமும் மண்ணடுப்பை அடுக்களையிலிருந்து நகர்த்தின. 2010இல் குடிசைகளுக்கு மாற்றாகக் கான்கிரீட் வீடுகள் கட்டும் திட்டமும், 2011இல் அறிவிக்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டமும் வந்தபின் ஓலைக் கூரையோடு பொருந்தியிருந்த அடுக்களையின் அமைப்பே மாறியது. சமையல் வாயுவின் பயனை, நெஞ்சுச் சளியோடு வாழ்ந்த பெண்களின் பேத்தி ஒருத்தி குறைத்துப் பேச முடியாது. எனினும் உருளையின் விலை ஏறும்போதெல்லாம் கொல்லைப்புறத்தில் மண்ணடுப்பு மீண்டும் எரிகிறது. வெந்நீர், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைத்தல், விழாச் சமையல் ஆகியவற்றுக்கு அது நின்றதே இல்லை.

ஆவண நோக்கில் இங்கு ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. ராஜுவின் சிறுநூல் நூலகத்தில் கிடைக்கும்; அரசின் அடுப்பு எண்ணிக்கை அறிக்கைகளில் கிடைக்கும். கொடியின் சரிவு எவ்வளவு என்பதோ எந்த நூலிலும் இல்லை. அடுப்பு மழையில் கரைந்தால் அதுவும் கரைந்துவிடும். வட்டாரந்தோறும் கொடியடுப்புகளின் உட்குழியை அளந்து, விறகு வகையோடு சேர்த்துப் பதிவு செய்யும் களப்பணி, செய்யத் தெரிந்தவர்கள் உள்ளபோதே நடைபெற வேண்டியது.

என் அம்மாச்சியின் அடுக்களையிலும் 1990களில் புகையில்லா அடுப்பொன்று பொருத்தப்பட்டது. இரண்டு மழைக்காலங்களுக்குப் பின் குழாய் விரிந்தது. அவர் அடுப்பை இடித்து அந்த மண்ணையே ஊறவைத்து, கொடியடுப்பாகக் கொல்லையில் போட்டுக்கொண்டார். குழாயின் உடையாத பாதி அவ்வடுப்புக்குப் பக்கத்தில் நெடுங்காலம் கிடந்தது. அதைப் பொருத்திப் பார்க்கலாமே என்று ஒருமுறை கேட்டதற்கு, எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லையே என்றார்.