குடைக்குக் கீழே இருவர்

ஜெனீவாவின் நடுவே, ப்ளாஸ் நெவ் சதுக்கத்தில், கிரேக்கக் கோயில் போலத் தூண் வரிசையோடு நிற்கிறது முஸே ராத். சுவிட்சர்லாந்தில் கலைக்கென்றே கட்டப்பட்ட முதல் அருங்காட்சியகம் இது. ராத் சகோதரிகள் இருவர், இறந்துபோன அண்ணனின் சொத்தைக் கொடுத்து எழுப்பிய கட்டடம், 1826இல் திறக்கப்பட்டது. 2023 கோடையில் இதன் சுவர்களை நிறைத்தவை பெரிய எண்ணெய் ஓவியங்கள் அல்ல, பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பழைய புகைப்படங்கள். படத்துக்குப் படம் ஆண்கள், இருவர் இருவராக. ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்கள், கன்னத்தோடு கன்னம் ஒட்டியிருக்கிறார்கள், விரல்களைக் கோத்திருக்கிறார்கள். ராணுவ உடுப்பு, மாலுமி உடுப்பு, கோட்டும் கழுத்துப்பட்டையும், நீச்சல் உடை என எல்லாக் கோலத்திலும் இருக்கிறார்கள். சில படங்களில் இருவரும் ஒரே குடையின் கீழே நிற்கிறார்கள். ஸ்டூடியோவுக்குள் மழையும் கிடையாது, வெயிலும் கிடையாது. ஆனாலும் குடை விரிந்திருக்கிறது.

‘லவ்விங்’ என்ற அந்தக் கண்காட்சியின் படங்கள் ஹ்யூ நினி, நீல் ட்ரெட்வெல் என்ற அமெரிக்கத் தம்பதியின் சேகரிப்பிலிருந்து வந்தவை. இருவரும் ஆண்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் ஒரு பழம்பொருள் கடையில், 1920களில் எடுத்த ஒரு படம் அவர்கள் கையில் சிக்கியது. ஒரு வீட்டின் முன்னால் இரண்டு இளைஞர்கள் அணைத்துக்கொண்டு நிற்கும் படம். அதை வாங்கினார்கள். பிறகு பழஞ்சந்தைகள், ஏலங்கள், யாரோ இறந்தபின் விற்பனைக்கு வந்த வீட்டுச் சாமான்கள், அட்டைப் பெட்டிகளில் கிடந்த ஆல்பங்கள் என்று தேடல் நீண்டது. 2020இல் இத்தாலியின் 5 கான்டினென்ட்ஸ் பதிப்பகம் இதை நூலாகக் கொண்டுவந்தபோது சேகரிப்பில் 2,800க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்திருந்தன. காலம் 1850கள் முதல் 1950கள் வரை. அமெரிக்கப் படங்களோடு பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, ஜப்பான், ஆஸ்திரேலியா நாட்டுப் படங்களும் உண்டு.

அந்த முதல் படம் கிடைத்த ஊரைக் கவனிக்க வேண்டும். அப்போது டெக்சாஸ் சட்டப்படி இரண்டு ஆண்களின் உடலுறவு குற்றம். 2003 ஜூன் 26 அன்றுதான், ‘லாரன்ஸ் எதிர் டெக்சாஸ்’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஆக, நூறாண்டு பழைய காதலைத் தேடி எடுத்துக்கொண்டிருந்த இருவருக்கும், தேடலின் முதல் சில ஆண்டுகளில் சொந்த மாநிலத்தின் சட்டமே எதிராக நின்றது.

பெரும்பாலான படங்களில் பெயர் இல்லை, ஊர் இல்லை. உடை, தலைவாரல், அட்டையின் வகை ஆகியவற்றை வைத்துத்தான் காலத்தைக் கணிக்க முடிகிறது. அப்படியிருக்க, இது காதல்தான் என்று எதைக் கொண்டு சொல்வது? சேகரித்தவர்கள் தங்களுக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருந்தார்கள். காதலர்களாக இருக்கும் வாய்ப்பு குறைந்தது பாதியாவது இருக்க வேண்டும். கண்களில் ஒரு பார்வை தெரிய வேண்டும். 1900 வாக்கிலான ஒரு படத்தில் ஐயத்துக்கு இடமே குறைவு: இன்னும் மணமாகவில்லை, மணந்துகொள்ளத் தயார் என்ற பொருளில் எழுதிய ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்கிறார்கள்.

வரலாற்றாளர்கள் இந்த இடத்தில் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. டேவிட் டெய்ச்சர் 2001இல் நியூயார்க்கின் சர்வதேசப் புகைப்பட மையத்தில், 1840 முதல் 1918 வரை ஆண்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படங்களைக் காட்சிக்கு வைத்தார். மறு ஆண்டு ஜான் இப்சன் அமெரிக்க ஆண்களின் நூறாண்டுப் படங்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் ஆண் நண்பர்கள் மடியில் உட்காருவதும் கைகோத்து நிற்பதும் சாதாரணம் என்பது அவர் கண்டது. ஸ்டூடியோக்காரர் அதைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. எனவே ஓர் அணைப்பை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு தமிழருக்கு அதிக விளக்கம் தேவைப்படாது. நம் ஊர்ப் பழைய ஸ்டூடியோப் படங்களில் கணவன் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார், மனைவி பக்கத்தில் நிற்பார், இருவர் கண்ணும் காமிராவை விட்டு அகலாது, இடையே ஒரு முழம் இடைவெளி இருக்கும். பக்கத்துப் படத்தில் இரண்டு நண்பர்கள் தோளில் கைபோட்டு ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழக ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி மின்மயமாக்கியிருக்கிறது. அத்தகைய சேகரங்களில் உடல்கள் பேசும் இந்த மொழியைப் பார்க்கலாம். தொட அனுமதி இருந்த இடத்தில் காதல் இருந்தாக வேண்டும் என்பதில்லை. காதல் இருந்த இடத்தில் தொட அனுமதி இருந்ததும் இல்லை.

ஆனாலும் சந்தேகத்தின் பாரம் எப்போதும் ஒரு பக்கமே ஏறுகிறது. ஓர் ஆணும் பெண்ணும் நெருங்கி நிற்கும் பெயர் தெரியாத படத்தைப் பார்த்தால் ‘கணவன் மனைவி’ என்று எழுதிவிடுகிறார்கள். அண்ணன் தங்கையாக இருக்கலாமே என்று எவரும் ஆதாரம் கேட்பதில்லை. இரண்டு ஆண்கள் என்றால் மட்டும் ‘நண்பர்கள்’ என்பது தானாக வந்துவிடுகிறது. பாதிக்குப் பாதி என்ற அளவுகோல் சில சகோதரர்களையும் தோழர்களையும் காதலர்களாக்கியிருக்கும். அதற்கு முன் நூறாண்டு நடந்த அட்டவணைப்படுத்தல் எத்தனையோ காதலர்களை நண்பர்களாக்கியிருக்கிறது. இரண்டில் பெரிய பிழை எது என்பதில் ஐயமில்லை.

பெயர் தெரிந்தவர்கள் விஷயத்திலும் இதுதான் நடந்தது. கவிஞர் வால்ட் விட்மனும் பீட்டர் டாயிலும் 1869 வாக்கில் வாஷிங்டனில் மோசஸ் ரைஸ் ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். டாயில் அயர்லாந்தில் பிறந்தவர், குதிரை டிராமில் நடத்துநர். படத்தில் இருவரும் காமிராவைப் பார்க்கவே இல்லை. எதிரெதிரே நாற்காலி போட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். படம் எடுக்கப்போய்விட்டு, படம் எடுப்பவரை மறந்துவிட்ட படம் அது.

படம் எடுப்பவர். இந்த வரலாற்றின் சாவி அவரிடம்தான் இருக்கிறது. காதல் படத்தில் தெரிவது இருவர் என்றாலும் அறையில் இருந்தது மூவர். அந்த மூன்றாம் ஆள் யார், அவர் எவ்வளவு பார்த்தார், எதை அனுமதித்தார் என்பதைப் பொறுத்தே படம் அமைந்தது.

தொடக்கக் காலத்து டாகுரியோடைப்பில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் அயோடின் ஆவியும் பாதரச ஆவியும் சேர்ந்து பிம்பத்தை உண்டாக்கின. ஒரு படம்தான்; நெகட்டிவ் கிடையாது, நகலும் கிடையாது. 1850களில் இரும்புத் தகட்டில் எடுக்கும் டின்டைப் வந்தது. சில சென்ட்டுக்குக் கிடைத்ததால் கூலித் தொழிலாளியும் சிப்பாயும் படம் எடுத்துக்கொள்ள முடிந்தது. இரண்டிலுமே பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். அணைப்பு என்பது தற்செயலாக அகப்பட்ட கணம் அல்ல. ஓர் அந்நியர் முன்னால், அவர் சொல்படி, மூச்சை அடக்கி நிலைநிறுத்திக் காட்டியது. அந்தத் துணிச்சலை இன்றைய செல்போன் கண்கொண்டு அளக்க முடியாது.

அந்த அந்நியரின் பார்வை மெல்ல மாறியது. 1871இல் ஜெர்மானியப் பேரரசு, ஆண்களிடையிலான உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவைக் கொண்டுவந்தது. 1885இல் பிரிட்டன் சட்டத்தை இறுக்கியது. அதன் கீழ்தான் 1895இல் ஆஸ்கர் வைல்டுக்கு இரண்டாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1860இல், பிரிட்டிஷ் ஆட்சி இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவை எழுதிவைத்திருந்தது. வயதுவந்தோர் மனமொத்த உறவு அதன் பிடியிலிருந்து விடுபட 2018 செப்டம்பர் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாளிதழ்கள் வழக்குகளை வரிவரியாக அச்சிட்டன. மருத்துவர்கள் நோய் என்றார்கள். காதல் என்று சந்தேகிக்கப்படுமோ என்ற அச்சம் நண்பர்களையும் தொற்றியது. 20ஆம் நூற்றாண்டு நகர நகர அமெரிக்கப் படங்களில் ஆண்களுக்கு இடையே இடைவெளி வளர்வதை இப்சன் காட்டுகிறார். சட்டம் குறிவைத்தது காதலர்களை. அதில் தோழர்களின் தோளிலிருந்த கையும் சேர்ந்து விழுந்தது.

இதே காலத்தில் தொழில்நுட்பம் மூன்றாம் ஆளை அறையிலிருந்து வெளியேற்றப் பார்த்தது. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கோடக் வந்தது. நூறு படம் எடுத்துவிட்டுக் காமிராவையே ராச்செஸ்டர் ஆலைக்கு அனுப்ப வேண்டும். 1900இல் ஒரு டாலர் விலையில் பிரௌனி வந்தது. வீட்டுத் தோட்டத்தில், ஆற்றங்கரையில், நண்பனின் கையிலுள்ள காமிராவுக்கு முன் சிரித்து நிற்க முடிந்தது. ஆனால் மூன்றாம் ஆள் உண்மையில் போகவில்லை. ஃபிலிம் கழுவும் கடைக்கு இடம் மாறினார்.

அவரால் என்ன செய்ய முடியும் என்பதற்கு 1957இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்ததே சான்று. ஒருவர் ஒரு கடையில் ஃபிலிமைக் கழுவக் கொடுத்தார். இரண்டு ஆண்களின் திருமணப் படங்கள் அவை: ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட்ட ஒரு வீடு, சிறு கூட்டமாக நண்பர்கள், கேக் வெட்டல், முத்தம், நடனம். கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை, படங்களைத் திருப்பித் தரவே இல்லை. சட்டம் அங்கீகரிக்காத அந்தத் திருமணத்துக்கு அவர்களிடம் இருந்திருக்கக்கூடிய சாட்சி அந்தப் படங்கள் மட்டும்தான். அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து அவை வெளியே வந்தன. இன்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள ஒன் ஆவணக் காப்பகத்திலும் ஃபிலடெல்ஃபியாவின் வில்காக்ஸ் ஆவணக் காப்பகத்திலும் பாதுகாக்கப்படுகின்றன.

கடையை ஏமாற்ற இரண்டு வழிகள் பிறந்தன. முதலாவது, சைபீரியாவிலிருந்து வந்த அனடோல் ஜோசஃபோ 1925இல் நியூயார்க்கின் பிராட்வேயில் நிறுவிய தானியங்கிப் புகைப்படக் கூண்டு. 25 சென்ட் போட்டால் சில நிமிடங்களில் எட்டுப் படங்கள் கொண்ட ஒரு பட்டை கைக்கு வரும். எடுப்பவரும் இல்லை, கழுவுபவரும் இல்லை. ‘லவ்விங்’ சேகரிப்பில் இந்தக் கூண்டுப் படங்களுக்குத் தனி இடம் உண்டு. ஸ்டூடியோவில் கைகோத்தவர்கள் இங்கே முத்தமிட்டுக்கொள்கிறார்கள். இரண்டாவது, எட்வின் லேண்டின் போலராய்டு. 1948இல் பாஸ்டனில் விற்பனைக்கு வந்த அந்தக் காமிரா ஒரு நிமிடத்தில் படத்தைக் கையில் கொடுத்தது.

இவர்கள் எவருக்கும் முன்பே இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்கள் சில பெண்கள். அவர்களே புகைப்படக்காரர்கள். நார்வேயின் ஹோர்ட்டன் துறைமுக நகரில் போலெட் பெர்க், மேரி ஹோய்க் இருவரும் 1895இல் ஸ்டூடியோ தொடங்கினார்கள். ஊராருக்கு முறையான படங்கள் எடுத்துத் தந்தார்கள். கடை மூடியபின் தங்களுக்காக வேறு படங்கள் எடுத்துக்கொண்டார்கள்: ஆண் உடையில், மீசை ஒட்டிக்கொண்டு, சிகரெட் புகைத்தபடி. அவர்கள் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பின், 1980களில், ‘தனிப்பட்டவை’ என்று எழுதிய கண்ணாடித் தகடுகள் கிடைத்தன. அவை இப்போது அதே ஊரிலுள்ள ப்ரூஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வாழ்ந்த ஆலிஸ் ஆஸ்டினுக்குப் பத்து வயதில் மாமா ஒருவர் மூலம் காமிரா அறிமுகமானது. வீட்டு மாடியில் ஓர் இருட்டறை அமைத்துக்கொண்டு, தகடுகளைத் தானே கழுவினார். ரப்பர்க் குமிழை அழுத்தினால் தொலைவிலிருந்தே காமிரா இயங்கும் வசதி இருந்ததால், தானும் படத்துக்குள் போய் நின்றார். 1891இல் அவர் எடுத்த ஒரு படத்தில் அவரும் இரண்டு தோழியரும் ஆண் வேடம் பூண்டிருக்கிறார்கள். அதே ஆண்டின் இன்னொன்றில் அவரும் ஒரு தோழியும் உள்ளாடையில், முகமூடி அணிந்து, வாயில் சிகரெட்டோடு நெருங்கி நிற்கிறார்கள். எடுத்தவர், கழுவியவர், வைத்துக்கொண்டவர் எல்லாம் ஒருவரே. இத்தனை சுதந்திரம் அன்று வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கே வாய்த்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆசிரியை கெர்ட்ரூட் டேட் ஆலிஸின் வாழ்க்கைத் துணையானார். 1917இல் அந்த வீட்டுக்கே குடிவந்தார். 1929 பங்குச்சந்தைச் சரிவில் ஆலிஸின் பணம் போயிற்று; 1945இல் வீடும் போயிற்று. டேட்டின் உறவினர்கள் டேட்டை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். ஆலிஸ் அரசின் ஏழைகள் விடுதிக்குப் போனார். அவருடைய கண்ணாடி நெகட்டிவ்களைத் தீவின் வரலாற்றுக் கழகம் காப்பாற்றி வைத்திருந்தது. 1951இல் ‘லைஃப்’ இதழ் அவற்றை வெளியிட, அந்தப் பணத்தில் ஒரு நல்ல முதியோர் இல்லத்துக்கு மாறினார். மறு ஆண்டே இறந்தார். ஒன்றாகப் புதைக்கப்பட வேண்டும் என்ற இருவரின் விருப்பத்தைக் குடும்பத்தார் நிறைவேற்றவில்லை.

அந்த வீடு பின்னர் அருங்காட்சியகமானது. ஆலிஸின் கலையைப் போற்றியவர்கள் டேட்டைப் பற்றிப் பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. 1994இல் லெஸ்பியன் அவெஞ்சர்ஸ் அமைப்பினர் வீட்டின் முன் திரண்டு போராட்டம் நடத்தினார்கள். 2017இல், தேசிய வரலாற்றுச் சின்னப் பதிவேட்டில் அந்த வீட்டுக்கான குறிப்பு திருத்தப்பட்டு, இரு பெண்களின் இல்வாழ்க்கையும் அதன் வரலாற்று முக்கியத்துவத்தில் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது. இன்று அங்கே போகிறவர்களுக்கு ஆலிஸின் படங்களோடு கெர்ட்ரூட் டேட்டின் கதையும் சொல்லப்படுகிறது.