மைக் இல்லாத காலத்து கேட் மீட்டிங்

காக்களூர் சிட்கோ எஸ்டேட்ல ஒரு கம்பெனி வாசல். ஷிஃப்ட் முடிஞ்சு பஸ் பிடிக்க ஓடுறவங்களை நிறுத்தி ஒருத்தர் பேசிட்டிருந்தார். அஞ்சே நிமிஷம். ஒருத்தரும் நகரல. ஆபீஸ்ல நாற்பது ஸ்லைடு போட்டு எல்லாரையும் தூங்க வெச்சவன் நான். அவர்கிட்ட என்ன இருக்கு, என்கிட்ட என்ன இல்லைன்னு யோசிச்சப்போதான் தூத்துக்குடி ஞாபகம் வந்தது.

முதல்ல 1907 மே மாசம், சென்னைக் கடற்கரை. வங்காளத்துல இருந்து வந்த விபின் சந்திர பால் சுதேசி பத்திப் பேசுகிறார். நல்ல கூட்டம், பெரிய பேச்சாளர். ஆனா பேச்சு முழுக்க ஆங்கிலம். மாணவர்களுக்கும் வக்கீல்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வருஷம் தூத்துக்குடி. சுப்பிரமணிய சிவாவும் வ.உ.சி.யும் தமிழில் பேசினார்கள். எதிரே நின்றவர்களில் கோரல் மில் தொழிலாளர்களும் உண்டு. குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வார விடுமுறை கிடையாது. சுயராஜ்யம் என்ற எட்டாத சொல், அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையோடு வந்து சேர்ந்தது. 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது.

இங்கே ஒண்ணு கவனிங்க. பேசிட்டு அவங்க வீட்டுக்குப் போயிடல. கூலி இல்லாம நின்ன குடும்பங்களுக்கு ஊர்க்காரர்களிடம் பணமும் சாப்பாடும் திரட்டினார் வ.உ.சி.; சிலருக்கு மாற்று வேலையும் தேடிக் கொடுத்தார். பேச்சுக்குப் பின்னாடி சோறு இருந்தது. சுமார் பத்து நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது.

மார்ச் 9 அன்று விபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையானதை ஊரே கொண்டாடியது. மார்ச் 12 அன்று சிவாவும் வ.உ.சி.யும் கைது. அவர்கள் பேசின பேச்சே வழக்கில் சாட்சியம் ஆனது. ஜூலையில் நீதிபதி பின்ஹே கொடுத்த தண்டனை: சிவாவுக்கு 10 ஆண்டு, வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில்தான் குறைந்தது.

குரல், கை அசைவு, ஸ்லைடு எல்லாம் வேணும்தான். ஆனா கேட்கிறவன் மனசுக்குள்ள ஓடுற கேள்வி ஒண்ணுதான்: 'உன்னை நம்பி நான் இறங்கினா, நீ என்கூட நிப்பியா?'

கைது செய்தி வந்ததும் கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இந்தத் தடவை பேசுறதுக்கு சிவாவும் இல்லை, வ.உ.சி.யும் இல்லை. பேச்சு வேலை செஞ்சிருக்குன்னு அதுக்கு மேல என்ன சொல்ல?

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.