உரோமர் கண்ட உலகம்: ஆட்சி எல்லையும் அறிவு எல்லையும்

பண்டைய உரோமர் உலகை 'ஓர்பிஸ் தெர்ராரும்' என்றனர். 'நிலங்களின் வட்டம்' என்பது அதன் பொருள். கி.பி. 14இல் மறைந்த பேரரசர் அகஸ்டஸின் சாதனைக் கல்வெட்டு, இவ்வட்டத்தை அவர் உரோம மக்களின் ஆட்சிக்கு உட்படுத்தியதாக முகப்பிலேயே கூறுகிறது. இதனைக் கொண்டு, உரோமர் தம் பேரரசையே உலகமெனக் கருதினர் என முடிவு செய்தல் பொருந்துமா என்பது ஆய்வுக்குரியது.

அக்காலத்தவரான ஸ்ட்ராபோ 17 நூல்களாக எழுதிய 'புவியியல்' இதற்கு மாறான சான்றைத் தருகிறது. புவி கோள வடிவினது. மக்கள் வாழும் நிலப்பரப்பு அதன் ஒரு பகுதியே என்பது அவர் கொள்கை. பிரித்தானியாவை உரோமர் கைக்கொள்ளாமைக்கு அவர் காட்டும் காரணம் பொருளியல் சார்ந்தது: அங்குக் கிடைக்கும் திறை, காவற்படைச் செலவுக்கு ஈடாகாது. செங்கடல் துறையான மியோஸ் ஹோர்மோஸிலிருந்து ஏறத்தாழ 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் சென்றதையும் அவர் குறிக்கிறார். ஆட்சி எட்டாத நிலங்களை வணிகம் எட்டியிருந்தது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, மக்கள் வாழும் நிலப்பரப்பைக் கிழக்கு மேற்காக 180 பாகை எனக் கணித்தார். கீழ்த்திசை பற்றி அவர் பெரிதும் சார்ந்தது, டைர் நகரத்து மரினுஸ் திரட்டிய வணிகர், மாலுமியர் செய்திகளை. மலாய்த் தீபகற்பமென அறிஞர் பலர் கொள்ளும் 'பொன் தீபகற்பம்' அவ்வாறே அவர் நூலில் இடம்பெற்றது. இந்தியப் பெருங்கடலைத் தெற்கே நிலம் சூழ்ந்துள்ளதாக அவர் கொண்ட பிழையும் அந்நூலிலேயே உள்ளது.

எனவே, தாலமி தரும் ஊர்ப்பெயர்களை உரோமர் வருகைக்கு நேர்ச்சான்றாக நாம் மாணவருக்குக் கற்பித்தல் தகாது. அவை, செய்தி கைமாறி வந்த வணிக வழிகளுக்கே முதற்சான்றாவன.