அப்புச்சியின் தக்காளி

அனுப்பர்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கப் பித்தளைப் பட்டறைச் சத்தம்தான். காய்கறி மட்டும் பெருமாநல்லூர்ப் பக்கம் அப்புச்சியின் தோட்டத்திலிருந்து வரும். சாணி எருவும், ஆட்டுப்பட்டி போட்ட மண்ணும், அடுப்புச் சாம்பலும்தான் அவருக்கு உரம்.

1970 வாக்கில், கல்லூரியில் படித்த திமிரில் நான்தான் அவரை யூரியா வாங்க வைத்தேன். செடி கருகருவென்று தழைத்தது. காயும் பெருத்தது. அப்புச்சி ஒரு நாள் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "ஏங்கண்ணு, தக்காளி பெருசாத்தான் இருக்குது, ரசம் மணக்கலியே" என்றார். "உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சுங்க அப்புச்சி" என்றேன். அவர் பதில் பேசவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் ஒரு செய்தியைப் படித்தேன். நம்மூரிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, கோவை வேளாண் கல்லூரி வயலில் 1909ல் ஒரு சோதனை தொடங்கியிருக்கிறார்கள். ஒரு பாத்திக்கு எதுவும் கிடையாது. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும். ஒன்றுக்குத் தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் ரசாயன உரமாக. ஒன்றுக்கு மாட்டெரு மட்டும். ஆண்டு மாறினாலும் பாத்திக்குரிய உரம் மாறாது. நூறாண்டு தாண்டியும் அது நடந்து வருகிறது.

அந்தப் பாத்திகளில் விளைந்த சிறுதானியத்தைக் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் வாங்கிச் சோதித்தார். மாட்டெருவில் விளைந்த தானியத்துக்கு ஊட்டமும் வைட்டமினும் கூடுதல் என்று 1926ல் எழுதினார். இந்தூரில் மக்கு உரம் பற்றி ஆராய்ந்த ஆல்பர்ட் ஹோவர்டும் அவரும் 1939ல் இங்கிலாந்தில் ஒரே மேடையில் பேசினார்கள். இயற்கை வேளாண்மை என்று இன்று உலகம் பேசுவதில் கோவை மண்ணுக்கும் பங்குண்டு.

காய்கறிக்கும் இதில் பாடம் உண்டு. தழைச்சத்து அளவுக்கு மீறினால் செடி இலையும் நீருமாகக் கொழுக்கும். வைட்டமின் சி குறையும். கீரையில் நைட்ரேட் சேரும். சாம்பல்சத்து போதாவிட்டால் தக்காளி திட்டுத்திட்டாகப் பழுக்கும், புளிப்பும் குறையும். அப்புச்சி சாம்பல் தூவியது வெறும் பழக்கத்தால் அல்ல.

யூரியாவை நான் பழிக்கவில்லை. ரேஷன் வரிசையில் நின்ற தலைமுறை நாம். அது வயிற்றை நிரப்பியது. ருசி குறைந்ததற்கு ரகம் மாறியதும் ஒரு காரணம். நான் செய்த தவறு, எருவை நிறுத்தச் சொல்லி யூரியாவை மட்டும் போடச் சொன்னது.

இப்போது மொட்டை மாடியில் எட்டுத் தொட்டிகளில் தக்காளி வைத்திருக்கிறேன். எரு, கொஞ்சம் சாம்பல், அவ்வளவுதான். காய் சிறிசு. போன வாரம் ரசம் வைத்தோம், வாசலிலேயே மணத்தது. அப்புச்சி போய் நாற்பது வருஷமாகிறது. அவர் நாக்கு கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது.