சோல்டர்த் தடமும் சேற்றுப் பந்தயமும்

நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் மிதிவண்டி விளையாட்டுப் பொருளன்று, பிழைப்புக்குரிய கருவி. மழை பெய்தால் செம்மண் பாதை சேறாகும். மேட்டில் இறங்கித் தள்ளுவதும், வாய்க்காலைக் கடக்க வண்டியைத் தோளில் தூக்குவதும் அங்கே எவரும் வியவாத செயல்கள். இவற்றையே ஐரோப்பியர் ஒரு பந்தயமாக வகுத்துக்கொண்டனர் என்பது மாணவர்க்குப் புதுமையாகத் தோன்றலாம்.

அதற்குச் சைக்ளோ-கிராஸ் என்று பெயர். சாலைப் பந்தய வீரர்கள் குளிர்காலத்தில் உடல் தளராதிருக்க மேற்கொண்ட பயிற்சியே அது. பிரான்சின் முதல் தேசியப் போட்டியை 1902இல் டானியல் கூசோ நடத்தினார். 1910இல் தூர் தெ பிரான்சை வென்ற ஆக்டாவ் லாபீஸ், தம் வெற்றிக்கு இச்சேற்றுப் பயிற்சியே காரணம் என்றதும் அதன் மதிப்பு உயர்ந்தது. உலக வாகையர் போட்டி 1950இல் பாரிசில் தொடங்கியது. பெண்களுக்கு அவ்வாய்ப்பு 2000இல்தான் கிட்டியது. அரை நூற்றாண்டுத் தாமதத்துக்கு எச்சமாதானமும் பொருந்தாது.

இப்பந்தயம் ஆண்டு இறுதியில் நடைபெற்றுவரும் இடங்களுள் பெல்ஜியத்தின் சோல்டர் ஒன்று. அது நிலக்கரிச் சுரங்க ஊர். தமிழர் பால்மரக் காட்டுக்கு ஆள்சேர்க்கப்பட்டதுபோல, இத்தாலியரும் துருக்கியரும் அப்பகுதிச் சுரங்கங்களுக்கு ஆள்சேர்க்கப்பட்டனர். 1963இல் அங்கு மோட்டார்ப் பந்தயத் தடம் அமைந்தது. கனடா நாட்டு வீரர் கில் வில்னெவின் உயிரைப் பறித்த 1982ஆம் ஆண்டு விபத்து நேர்ந்தது அத்தடத்திலேதான். 1992இல் சுரங்கம் மூடப்பட்டது, தடம் நிலைத்தது.

மிதிவண்டிக்காரர் தார்த் தடத்தில் புறப்பட்டு, விரைவில் அதைவிட்டு விலகி, அருகிலுள்ள மணற்பாங்கான காட்டு மேடுகளில் ஏறி, மீண்டும் தாரில் வந்து சேர்கின்றனர். மோட்டார் வண்டிகளின் வீட்டில் மனிதக் கால்வலிமை விருந்துண்ணும் காட்சி அது. 1970இல் உலகப் போட்டி அங்கு நடந்தபோது பெல்ஜியத்தின் எரிக் தெ வ்லாமிங்க் வென்றார். அவர் பெற்ற உலகப் பட்டங்கள் ஏழு.

2002ஐ அடுத்து 2016 சனவரியில் உலகப் போட்டி மீண்டும் சோல்டருக்கு வந்தது. சேறு படிந்த வண்டியை நடுவழியில் மாற்றிக்கொள்ள இப்பந்தயத்தில் இடமுண்டு. பத்தொன்பது வயது வீராங்கனை ஒருவருக்கென வைத்திருந்த மாற்று வண்டியைச் சோதித்தபோது, இருக்கைக்குக் கீழுள்ள குழாயினுள் சிறு மோட்டார் ஒன்று ஒளிந்திருந்தது! அது நண்பருடைய வண்டி என்று அவர் கூறினார். அனைத்துலக மிதிவண்டிக் கழகம் ஆறு ஆண்டுத் தடையும் இருபதாயிரம் சுவிஸ் பிராங்கு தண்டமும் விதித்தது. உலகப் போட்டியொன்றில் இத்தகைய ஏமாற்று மெய்ப்பிக்கப்பட்டது அதுவே முதல்முறை. 2018 முதல் வண்டிகளின் உள்ளே பார்க்க எக்ஸ்ரே கருவியும் பயன்படுத்தப்பட்டது.